ஒரு பக்கம் மட்டும் வெள்ளை

உன் அத்தை வீராயியை நீதான் உள்ளே தள்ளினாய்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்து மடித்து வைத்துவிடாதே. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ரஹாங்கில் நீ தங்கியிருக்கும் வீட்டுக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் வரவில்லை. போர்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களிலும் இங்கே போட்டதுபோலவே பாதை போட உன்னை அனுப்பப்போகிறார்கள் என்று எங்களை வேலை வாங்குகிற மண்டோர் காத்தமுத்து வந்து சொன்னார். சந்தோஷமான சேதியைச் சொல்வதுபோல்தான் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் மூன்றாவது கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புவது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையை நீ விளம்பரம் உட்பட ஒன்றுவிடாமல் படிப்பாய். எழுத்துக் கூட்டிப் படிக்க உனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மாவுக்கு அது தெரியும். தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அச்சில் வராது. நெகிரி செம்பிலானில் கம்பிவேலி போட்ட தோட்டம் என்று மட்டும் சொல்கிறேன். இன்றைக்கு வேலி போடாத தோட்டம் எது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். அவசரகாலம் வந்ததும் நம் பதினாறாம் நம்பர் லயங்களை, அந்த வரிசை வீடுகளை, இடித்தார்கள். காட்டை ஒட்டி இருக்கிறோம், காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுத்துவிடுவோம் என்று சொல்லி, எங்களைச் சட்டி பானையோடு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து தோட்டத்தின் பெரிய டிவிஷனில், வேலிக்குள் வைத்தார்கள். ஆட்களை மாற்றினார்கள், ரப்பர் மரங்களை மாற்ற முடியாது. பதினாறாம் நம்பர் மரங்கள் பதினாறாம் நம்பரிலேயே நின்றன. அவற்றைச் சீவவேண்டியவர்கள் நாங்கள். கொஞ்ச நாள் லாரியில் கூட்டிப்போனார்கள். ஒரு நாள் வளைவில் காட்டுக்காரர்கள் லாரியைச் சுட்டார்கள். அதற்குப் பிறகு லாரி பாலை மட்டும் ஏற்றியது, துப்பாக்கிக்காரர்கள் காவலோடு. பாலுக்குக் காவல் உண்டு, பால் எடுப்பவர்கள் நடக்கவேண்டும். ஆற்றோரமாகக் குறுக்கே ஒரு பழைய பாதை இருந்தது, அதையும் மூடிவிட்டார்கள். மலையைச் சுற்றி, பால்மரங்களுக்கு நடுவிலேயே ஒரு புதுப் பாதை போடுவது, மரத்துக்கு மரம் வெள்ளைச் சாயத்தால் குறி வைப்பது, குறியை விட்டு விலகி நிற்கிற ஆள் யாராக இருந்தாலும் காட்டுக்காரன் ஆள் என்று வைத்துக்கொள்வது. இதுதான் உத்தரவு. போக ஐந்து மைல் இருக்கும், திரும்பி வர அதே ஐந்து மைல்.

அந்தக் குறியை வைக்கத்தான் உன்னைக் கூப்பிட்டார்கள். சிரம்பானில் இங்கிலீசு படித்து வந்தவன், தோட்டத்தில் பிறந்தவன், வெள்ளைக்கார சர்வேக்காரரோடு பேசத் தெரிந்தவன். சாய டின்னும் பிரஷுமாக நீ கேட்டைத் தாண்டிப் போனதை நான் என் நிரைக்கு, சீவுகிற மரவரிசைக்கு, போகிற வழியில் நின்று பார்த்தேன். உனக்குப் பின்னால் இரண்டு சிப்பாய்கள். சாயங்காலம் வரும்போது காற்சட்டையெல்லாம் வெள்ளை. உன் அத்தை மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துத் துவைத்தாள். நான் துவைக்கிறேன் என்றதற்கு, "நீ தேச்சா கிழிச்சுப்புடுவே அண்ணி. ஆபீசு உடுப்பு" என்று வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அவ்வளவு பெருமை. உன் அப்பாவைச் சப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனபோது நீ சின்னப் பையன். அவர் திரும்பவில்லை. அவருடைய தங்கை நம் வீட்டுக்கு வந்தவள், வேறெங்கும் போகவில்லை. பெரிய டிவிஷன் பள்ளிக்கூடத்துக்கு உன்னை முதுகில் தூக்கிக்கொண்டு போனவள் அவள். இதை உனக்கு நினைவூட்டுவது உன்னை அழவைக்க அல்ல. விசாரணையில் ஓர் அதிகாரி, "அந்தப் பெண் உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டபோது "உறவு" என்று ஒரே சொல்லில் முடித்தாயே, அதற்காகத்தான்.

பாதையைத் திறந்த நாளை நினைத்துப் பார். பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் கேட்டில் ஒவ்வொருவரையும் தடவிச் சோதித்தார்கள். வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது. வெறும் வாளி, கத்தி, வாளி மாட்டித் தோளில் சுமக்கும் காண்டாக் கட்டை. நீ முன்னால் நடந்தாய். பழைய மரங்கள், பிறகு ஓடை, அதில் தென்னந்தடிப் பாலம், பிறகு மேடு, மேட்டுக்கு அப்பால் சீனர்கள் விட்டுவிட்டுப் போன காய்கறித் தோட்டம், அதன் ஓரம் லாலாங் புல், அதைக் கடந்தால் பதினாறாம் நம்பர். நீ வைத்த குறி நன்றாகத்தான் தெரிந்தது. அரை வெளிச்சத்திலும் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்தின் வெள்ளை தெரிந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள்.

"பாருங்கடா, நம்ம செல்வம் மரத்துக்கெல்லாம் விபூதி பூசி வெச்சிருக்கான். இனிமே கும்பிட்டுட்டுத்தான் கத்தி வைக்கணும் போல" என்றார் காத்தமுத்து.

"கும்பிடறது கெடக்கட்டும் மண்டோரே" என்றாள் வீராயி. "ஏன் மருமவனே, நெத்தியில மட்டும் பூசியிருக்கே? முதுகுக்குக் கை எட்டலையா?"

"முதுகு சீவுற பக்கம் அத்தை. பெயிண்டு பட்டா பால் கெட்டுடுமாம். துரை கூடாதுன்னுட்டாரு."

"அப்ப திரும்பி வரும்போது எதைப் பாத்து வர்றது?"

"போன வழிதானே லா. போன வழியே திரும்பி வர என்ன கஷ்டம்?"

"அதுசரி. காலுல சப்பாத்து போட்டவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவள் சொன்னதற்கு நீயும் சிரித்தாய். நானும் சிரித்தேன்.

பால்மரம் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஒரு பகுதியில் எல்லா மரத்துக்கும் ஒரே திசையில்தான் பட்டையைத் திறப்பார்கள். அந்தப் பக்கம் தேயும்வரை சீவிவிட்டு, எதிர்ப்பக்கத்துக்கு மாறுவார்கள். சீவாத பக்கம் ஓய்வில் இருக்கும். இந்தப் பாதை போகிற மரங்களில் ஓய்வில் இருந்தது கேட்டைப் பார்த்த பக்கம். அதனால் கேட்டிலிருந்து போகிறவர்களின் கண்ணுக்கு நேராக உன் வெள்ளை நின்றது. திரும்பி வருகிறவர்களின் கண்ணுக்கு நேராக இருந்தது சீவுகிற பக்கம். வெட்டு, பால் பிடிக்கிற மங்கு, பால் வடிந்த கோடு. ஒரு மரத்தைப் போலவே அடுத்த மரம், அதைப் போலவே அதற்கடுத்தது, நான்கு திசையிலும் வரிசை வரிசையாக. முதல் நாள் மதியம் திரும்பும்போதே மேட்டில் வழி தவறினோம். நீ அப்போது எங்களோடு இல்லை. சர்வேக்காரரின் ஜீப்பில் போய்விட்டாய். காத்தமுத்துதான் ஒரு வழி செய்தார். எல்லாரும் ஒரே வரிசையில் நடப்பது. கடைசியில் வருகிறவர் ஒவ்வொரு மரத்தையும் தாண்டியதும் திரும்பிப் பார்த்து, வெள்ளை இருந்தால் "வெள்ளை!" என்று குரல் கொடுப்பது. குரல் வராவிட்டால் முன்னால் போகிறவர் நின்றுவிடவேண்டும். வீராயிக்கு நல்ல தொண்டை. அவளையே கடைசியில் போட்டார்கள். அன்றிலிருந்து தினமும் ஐந்து மைலும் அவள் கழுத்தைத் திருப்பித் திருப்பி நடந்தாள். ராத்திரி கழுத்து வலிக்கு எண்ணெய் போட்டுக்கொள்வாள். உனக்குத் தெரியும். "என்ன அத்தை, கழுத்துல?" என்று நீயே கேட்டிருக்கிறாய். "உன் மரத்தோட முதுகைப் பாத்துப் பாத்துத்தான்" என்றாள். நீ சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டாய். மரத்தில் அடிக்க முடியாவிட்டால் ஒரு கழி ஊன்றியிருக்கலாம். கழியில் ஒரு தகரத்துண்டு மாட்டியிருக்கலாம். இதை உனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

நீ சின்னவனாக இருந்தபோது ஒரு தடவை இதே மரங்களுக்குள் தொலைந்துபோனாய். நான் நிரையில் இருந்தேன், நீ ஓணானைத் துரத்திக்கொண்டு போய்விட்டாய். வரிசைகள் ஒரே மாதிரி இருந்ததால் எந்தப் பக்கம் திரும்பினாலும் வந்த பக்கமாகவே உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஓடினேன், கத்தினேன், இன்னும் தூரமாகத்தான் போனேன். வீராயி ஓடவில்லை. நின்ற இடத்திலிருந்து ஒரு வரிசைக்கு ஒரு தடவை உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்து காது கொடுத்தாள். பிறகு அடுத்த வரிசை. கடைசியில் ஒரு வரிசையிலிருந்து நீ "அத்தே" என்றாய். அவ்வளவுதான், கண்டுபிடித்துவிட்டோம். நீ பதில் குரல் கொடுத்ததால் கிடைத்தாய்.

அவள் தொலைந்த நாளில் மழை. பால் எடுத்து முடிப்பதற்குள் வானம் கறுத்துவிட்டது, மங்கிலெல்லாம் தண்ணீர் இறங்கிவிடும் என்று அவசரப்படுத்தினார்கள். பாலை ஊற்றிவிட்டு எல்லாரும் கிளம்பினோம். வீராயி தன் கத்தியைக் கடைசி மரத்திலேயே விட்டுவிட்டாள். கத்தி இல்லாமல் வேலிக்குள் போனால் காட்டுக்காரனுக்குக் கொடுத்துவிட்டாயா என்று கேட்பார்கள். "நீங்க மெல்ல நடங்க, நான் ஓடி வந்துடறேன்" என்றாள். நாங்கள் மெல்ல நடக்கவில்லை. மழை வலுத்ததும் ஆளாளுக்குக் குறியைத் தேடிக் கத்திக்கொண்டு ஓடினோம். நானும்தான் ஓடினேன். அதைப் போலீசிலும் சொன்னேன், விசாரணையிலும் சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன். கேட்டுக்கு வந்து நின்று திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை. திரும்பிப் போகிறேன் என்றதற்குக் காவல்காரர்கள் விடவில்லை.

சிரம்பான் லாக்கப்பில் ஒரே ஒரு தடவை அவளைப் பார்க்க விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, முதலில் மற்றவர்கள் சரியாக வந்து சேர்ந்தார்களா என்று கேட்டாள். பிறகு சொன்னாள். "ஒவ்வொரு மரமா தாண்டித் தாண்டித் திரும்பிப் பாத்தேன் அண்ணி. சீனங்க தோட்டம் வரைக்கும் வெள்ளை இருந்துச்சு. அதுக்கப்புறம் மழை மூஞ்சியில அடிக்குது. ஒரு மரம் இருக்கு, இல்ல. இன்னொண்ணு, அதுலயும் இல்ல. சரி, முன்ன நின்ன மரத்துக்கே போயிடலாம்னு பாத்தா அது எதுன்னு தெரியல. கூப்பிட்டுப் பாத்தேன். யாரு கேக்கறது அந்த மழையில. தண்ணிச் சத்தம் கேட்டுது, ஓடைன்னு நெனச்சு நடந்தேன். அது ஆறு." ஆற்றங்கரையில் ரோந்து வந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். "பெர்ஹெந்தி!" என்று கத்தினார்கள். நில் என்றால் நிற்கத் தெரியாதவளா? வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். வாளியில் இரண்டு மரவள்ளிக்கிழங்கு இருந்தது.

கிழங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காலையில் வெறும் வயிற்றில் ஐந்து மைல் நடந்து, மரம் சீவி, பால் எடுத்து, மறுபடி ஐந்து மைல் நடக்கிறவர்களுக்கு வேலிக்கு வெளியே சோறு கிடையாது என்று உத்தரவு போட்டவர்கள் அந்த நடையை நடந்தவர்கள் இல்லை. சீனர்கள் விட்டுப்போன தோட்டத்தில் கிழங்கு இருந்தது. பிடுங்கினோம், சுட்டுத் தின்றோம். நான், காத்தமுத்து, எல்லாரும். ஒரு மாதம் நீ குறி வைத்துக்கொண்டு திரிந்தபோது நீயும் தின்றிருப்பாய். அது அவள் வாளியில் இருந்ததும் காட்டுக்காரர்களுக்குக் கொண்டுபோன சாப்பாடு ஆகிவிட்டது. பாதையை விட்டு விலகியது ஒன்று, கையில் சாப்பாடு இருந்தது இரண்டு. இரண்டும் சேர்ந்தால் நாடு கடத்தல். அவள் பிறந்தது இடித்துப்போட்ட அந்தப் பதினாறாம் நம்பர் லயத்தில். கப்பலில் ஏற்றி எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்று கேட்டேன். அவர்களுக்கும் தெரியவில்லை. ஆனால் அனுப்புவார்களாம்.

விசாரணை தோட்டத்து ஆபீசில் நடந்தது. நான் கதவோரம் நின்றிருந்தேன். பாதையில் குறி தெளிவாக இருந்ததா என்று உன்னைக் கேட்டார்கள். "எஸ் சார்" என்றாய். மரத்துக்கு மரம் இருந்ததா? "எஸ் சார்." பொய்யில்லை. பிறகு என்னைக் கேட்டார்கள். குறி ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கிறது, போகும்போது தெரியும், வரும்போது தெரியாது, தனியாக வருகிற ஆள் வழி தவறித்தான் ஆகவேண்டும் என்று நான் தமிழில் சொன்னேன். ஆபீசுக் கணக்கெழுதுகிற பெரிய கிராணி அதை இங்கிலீசில் சொன்னார். நான் அத்தனை நேரம் பேசியது அவர் வாயில் ஒரே வரியாகப் போய்விட்டது. எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனால் திரும்பி வருகிற கதை அந்த ஒரு வரிக்குள் அடங்காது என்று தெரியும். அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அதை விழுங்கினார். இன்னொருவனை நான் பார்த்தேன். நீ உன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அன்று சாயங்காலம் பஸ் நிற்கிற இடத்துக்கு உன் பின்னால் வந்தேன்.

"கிராணி நான் சொன்னதைச் சொல்லலைதானே?" என்று கேட்டேன்.

"அம்மா, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிட்டேன். அவ்வளவுதான் என் வேலை."

"கேக்காததை யாருடா சொல்றது?"

"சீவுற பக்கம் அடிக்காதேன்னு சொன்னது துரை. அதை நான் சொன்னா துரைமேல பழி போடறதாயிடும் லா. வேலை போயிடும். அப்புறம் நானும் வாளி தூக்க வேண்டியதுதான்."

"இப்ப பழியை அத்தைமேல போட்டிருக்கே."

"நான் போடல."

பஸ் வந்தது. நீ ஏறி, அந்தப் பக்க ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தாய்.

வேலையை விட்டுவிடு என்று நான் சொல்லமாட்டேன். வேலை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நீ வாளி தூக்கக் கூடாது என்று உன்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவள் நான், எனக்கு அடுத்தபடியாக அவள். பயப்படாதே என்றும் சொல்லமாட்டேன். இந்தக் காலத்தில் பயப்படாதவனுக்குப் புத்தியில்லை. ஆனால் போர்டிக்சன் பக்கம் போய்ச் சாய டின்னைத் திறப்பதற்கு முன்னால் இதைக் கேட்டுக்கொள். நீ குறி வைக்கிற பாதையில் நீ நடக்கப்போவதில்லை. காலையில் தெளிந்த கண்ணோடு போகிறவர்கள் மதியம் களைத்த கண்ணோடு திரும்புவார்கள். பாதை போட்டு முடித்தால் அந்தக் கோடியில் போய் நின்று, வாளியோடு ஒரு பெண்ணைத் தனியாக இந்தக் கோடிக்கு நடக்கவிட்டுப் பார். அவள் வந்து சேர்ந்தால்தான் அது பாதை. துரைக்குப் பட்டையின்மேல் அவ்வளவு அக்கறை இருந்தால் கழியும் தகரமும் வாங்கித் தரட்டும்.

இங்கே நாங்கள் செய்து பார்த்தோம். அவளைப் பிடித்துக்கொண்டு போனதற்கு மறுநாள், பழைய சேலையைக் கிழித்து, வரும்போது தெரிகிற மாதிரி மேட்டிலிருந்து கிளைகளில் கட்டினோம். காவல்காரர்கள் எல்லாவற்றையும் பிய்த்து எறிந்துவிட்டுக் காட்டுக்காரனுக்கு அடையாளம் வைக்கிறீர்களா என்று மிரட்டினார்கள். நாங்கள் வைத்தால் அது அடையாளம், நீ வைத்தால்தான் குறி. அதனால்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், வேறு காரணமில்லை. இப்போது வரிசையில் கடைசியாக வருவது நான். "வெள்ளை" என்று கத்துவது நான். என் தொண்டை அவள் தொண்டை இல்லை, மேட்டில் பாதி நேரம் முன்னால் போகிறவர்களுக்குக் கேட்பதில்லை. நின்று நின்றுதான் வருகிறோம். மரங்களில் உன் சாயம் இன்னும் மங்கவில்லை. நல்ல சாயம்.

மாதக் கடைசியில் சிரம்பானில் மறுவிசாரணை வைக்கிறார்கள். அதில் அவள் பக்கம் யாராவது பேசலாமாம். நான் பேசினால் கிராணி மொழிபெயர்ப்பார். காத்தமுத்து பேசமாட்டார், அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கிலீசில் நேராகப் பேசக்கூடியவன், அந்த மரங்களின் இரண்டு பக்கமும் தெரிந்தவன், நீ ஒருவன்தான். வெறும் பேச்சை அவர்கள் நம்பமாட்டார்கள் என்றால் அந்த அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வா. பதினாறாம் நம்பரில் ஜீப்பிலிருந்து இறங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து கேட்டுக்கு நீ முன்னால் நட. உனக்குப் பின்னால் குரல் கொடுக்க யாரும் வேண்டாம். கழுத்தைத் திருப்பாமல் நட. நடந்து போய் எங்கே நிற்கிறாயோ, அந்த இடத்தை அவருக்குக் காட்டு. காட்டிவிட்டு, நீ எந்தப் பக்கம் வெள்ளை அடித்தாய், எந்தப் பக்கம் அடிக்கவில்லை, யார் அடிக்காதே என்றார்கள் என்று அவர் மொழியிலேயே சொல்.

இது மூன்றாவது தடவை கூப்பிடுகிறேன். செல்வம், எங்கே இருக்கிறாய்? பதில் கொடு.